பாட்டில் பொறுக்க மட்டும் நாங்களா?



பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் ஐந்து கோரிக்கைகளை மட்டுமாவது படித்துவிட்டு, சரியா தப்பா என்று கீழே எழுதுங்கள். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

2025-ல் ஒரு ரீல்ஸ் வந்தது. அதுவரை வத்திராயிருப்பு என்று சொன்னால்கூட "எங்கே இருக்கு?" என்று கேட்ட சென்னைக்காரர்கள், கூமாப்பட்டிக்கு வழி கேட்க ஆரம்பித்தார்கள். பிளவக்கல்லில் பெரியாறு அணை, கோவிலாறு அணை, மேற்கே மலை, நடுவில் தென்னந்தோப்பும் வயலும். நமக்குப் பழகிப்போனது மற்றவர்களுக்கு அதிசயமாகத் தெரிந்தது. கார்கள் வந்தன. ஆட்கள் வந்தால் சாப்பாட்டுக் கடை வரும், தங்கும் இடம் வரும். வரட்டும். இரண்டு போகம் நெல் போட்டும் கடன் அடையாத குடும்பத்தில் ஒரு பையன் ஓட்டல் வைத்துப் பிழைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

என் கேள்வி வேறு. அணைக்குப் போகிற ரோட்டில் வரும் ஓட்டல்களில் ஒன்று நாளைக்கு "பார் வசதி உண்டு" என்று பலகை மாட்டினால், அதைக் கேட்கும் அதிகாரம் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? பேரூராட்சி மன்றத்துக்கு இருக்கிறதா? பக்கத்து ஊராட்சியின் கிராம சபைக்கு இருக்கிறதா? யாருக்கும் இல்லை. மது உரிமம் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற இடமும் உள்ளாட்சிக்கு இல்லை, கொடுத்த உரிமத்தின் நிபந்தனைகளை நடத்துகிறவர் மதிக்கிறாரா என்று சோதிக்கிற இடமும் இல்லை.

போன முறை இதைப் பற்றி நாலு வரி எழுதியபோது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், நீங்க மதுவிலக்கு ஆளா?" அந்த விவாதத்துக்கு இன்று நான் வரவில்லை. சட்டம் அனுமதித்திருக்கிறது, குடிக்கிறவர் குடிக்கிறார். அதே சட்டம் சில நிபந்தனைகளும் போட்டிருக்கிறது. அந்த நிபந்தனைகளை யார் காவல் காக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம்.

நம் ஊரில் ஒருவர் டீக்கடை போட வேண்டுமானால் உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். கட்டடத்துக்கு வரைபட அனுமதி, சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பிளாஸ்டிக் டம்ளரில் டீ ஊற்றினால் அபராதம். சாக்கடையில் எச்சில் தண்ணீர் ஊற்றினால் துப்புரவு மேற்பார்வையாளர் வந்து கேட்பார். இதெல்லாம் சரிதான். நான்கு பேர் சாப்பிடுகிற இடத்தை ஊர் மன்றம் கவனிக்கத்தான் வேண்டும்.

இப்போது அதே ரோட்டில் மது ஊற்றிக் கொடுக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது நாலு வகை.

ஒன்று, டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும். 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின்படி நடப்பவை. உரிமம் மாவட்ட ஆட்சியர் வழியாக. பாருக்கு விடும் டெண்டரின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவும் உரிமை! உள்ளே உட்கார்ந்து நூறு பேர் குடிக்கிற இடம், காகிதத்தில் சுண்டல் கடையாகவும் பழைய பாட்டில் கடையாகவும் இருக்கிறது.

இரண்டு, எஃப்.எல்.2. அதாவது மனமகிழ் மன்றம். உறுப்பினர்களுக்காக, லாப நோக்கம் இல்லாமல் நடக்க வேண்டிய சங்கம். உறுப்பினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது. பெயர் மன்றம், நடப்பது தனியார் பார் என்று ஊருக்கு ஊர் மக்கள் மறியல் செய்வது இந்த வகையை எதிர்த்துத்தான்.

மூன்று, எஃப்.எல்.3. நட்சத்திர ஓட்டல்களுக்கானது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 1981-ஆம் ஆண்டு உரிமம் மற்றும் அனுமதி விதிகள். கையெழுத்து சென்னையில், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆணையரிடம்.

நான்காவது வகைக்கு எண் கிடையாது. வெளியே "குடும்ப உணவகம்", உள்ளே திரை போட்ட அறை. பாட்டில் நீங்கள் கொண்டுவர வேண்டும், சோடாவும் டம்ளரும் அவர்கள் தருவார்கள். உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க வசதி செய்து கொடுப்பது குற்றம். எல்லா ரோட்டிலும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும்.

இந்த நாலிலும் உள்ளாட்சியின் வேலை என்ன? மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் வந்து பாட்டில் பொறுக்குவது.

டீ டம்ளரைக் கேட்க அதிகாரம் உள்ள மன்றத்துக்கு மது டம்ளரைக் கேட்க அதிகாரம் இல்லை. இது எப்படி நியாயம்?

"நிபந்தனைகள் எல்லாம் இருக்கே டீச்சர், அதிகாரிகள் பார்த்துக்குவாங்க" என்று சிலர் சொல்வீர்கள். இருக்கின்றன. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்கு முன் திறக்கக் கூடாது, இரவு 10 மணிக்கு மேல் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதிலும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். நகரமைப்பு அதிகாரிகள் "வணிகப் பகுதி", "தொழிற்பகுதி" என்று வகைப்படுத்திய இடத்தில் அந்த மீட்டர் கணக்கு செல்லாது. பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகள் அதே வாசலில்தான் நடக்கிறார்கள். வரைபடத்தில் நிறம் மாறினால் தூரம் மறைந்துவிடும்.

சரி, இந்த நிபந்தனைகளைப் பார்ப்பது யார்? மாவட்டத்தில் உதவி ஆணையர், கோட்டத்தில் கலால் அலுவலர், காவல்துறையில் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. அவர்கள் எண்ணிக்கை கையில் எண்ணிவிடலாம். விருதுநகர் மாவட்டமோ ராஜபாளையத்திலிருந்து நரிக்குடி வரை நீண்டு கிடக்கிறது. இரவு பதினொன்றரைக்கு வத்திராயிருப்புப் பக்கம் ஒரு உணவகத்தின் பின்கதவு திறந்திருக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடியுமா? பார்க்க முடிந்தவர் அடுத்த வீட்டுக்காரர். அவருக்கோ கேட்க உரிமை இல்லை.

இன்னொரு விஷயம். மது விற்பதும் அரசு. உரிமம் கொடுப்பதும் அரசு. நிபந்தனையைச் சோதிப்பதும் அரசு. வருமானம் எண்ணுவதும் அரசு. 2023-24-ல் டாஸ்மாக் வழியே வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. முப்பது வருடத்துக்கு மேல் பரீட்சைத் தாள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதியவனிடமே தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் வகுப்பில் ஒருவனும் பெயிலாக மாட்டான்.

நான் சும்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதவில்லை. நான் அடிக்கடி பஸ்ஸில் போகும் வழியில் மதுவுடன் நடக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் உரிம நிபந்தனைகள் என்ன, எத்தனை மணி வரை நடத்தலாம், கடைசியாக எப்போது சோதனை நடந்தது என்று மூன்று கேள்வி எழுதி, பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதல் அலுவலகம் இரண்டாவது அலுவலகத்துக்கு அனுப்பியது. இரண்டாவது அலுவலகம், இது மூன்றாம் நபர் சம்பந்தப்பட்ட தகவல் என்று எழுதியது. மேல்முறையீடு செய்தேன். அரைப் பக்கத்தில் பதில் வந்தது. உரிம எண் இருந்தது, தேதி இருந்தது. நிபந்தனை இல்லை. சோதனை நடந்ததா என்ற கேள்விக்கு எதிரே ஒரு கோடு.

ரேஷன் கடையில் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பஸ்ஸில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறது. மது ஊற்றுகிற இடத்தின் நிபந்தனை மட்டும் மூன்றாம் நபரின் ரகசியமா? முதல் நபர் யார், வாசலில் குடியிருக்கிற நான்தானே?

இந்த நிபந்தனைகள் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். காந்தியவாதி சசிபெருமாள். 2015 ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடும்போது இறந்துபோனார். அன்று அவர் கேட்டது என்ன? பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகே இருந்த ஒரு கடையை எடுக்கச் சொன்னார். அரசே எழுதி வைத்த விதியின் நோக்கத்தைத்தான் கேட்டார். அதற்கு ஒரு வயதான மனிதர் கோபுரம் ஏற வேண்டியிருந்தது. ஊர் மன்றத்தில் மேசையில் வைத்துப் பேசித் தீர்க்கிற வழி இருந்திருந்தால் அவர் ஏன் ஏறப்போகிறார்?

உள்ளாட்சியை அரசுக்கு ஞாபகமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை நன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் மாநிலத்து வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கும் அதில் ஒன்று. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, 2017 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை. பிறகு 20,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளை ஊருக்குள் கொண்டுவந்தபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த ஏப்ரலில்தான் உள்ளாட்சி ஞாபகத்துக்கு வந்தது. மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக வகை மாற்றத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டுச் சுற்றறிக்கை போனது. சாலையின் பெயர் மாறிவிட்டால் 500 மீட்டர் கணக்கு வராதல்லவா! இதில் வேடிக்கை, அன்று உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மக்கள் இல்லாத மன்றத்தில், மக்கள் பெயரில் தீர்மானம். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அப்படி வகை மாற்றிய சாலைகளில் கடை திறக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்க வேண்டியதாயிற்று.

கவனியுங்கள். கடையை மூட கிராம சபை தீர்மானம் போட்டால், அது விதியில் இல்லை என்று ஓரம் வைத்தார்கள். கடையைக் காப்பாற்ற மன்றத் தீர்மானம் தேவைப்பட்டபோது மட்டும் உள்ளாட்சி உயர்ந்த அமைப்பாகிவிட்டது. இதை எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் கோபப்பட வேண்டாம். எல்லாக் கட்சி ஆட்சியிலும் இந்த ஒரு பாடத்துக்கு ஒரே நோட்ஸ்தான்.

2023-ல் நடந்ததும் மறந்திருக்காது. மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம், கல்யாண மண்டபம் ஆகியவற்றில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று விதியைத் திருத்தினார்கள். ஏப்ரலில் விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரெல்லாம் எதிர்ப்பு. கல்யாண மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். மக்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது விதி வெளியான பிறகு போட்ட சத்தம். முன்கூட்டியே கேட்க நமக்கு ஓர் இடம் இருந்திருந்தால் சத்தமே தேவைப்பட்டிருக்காது.

இனி சட்டப் பாடம், கொஞ்சம்தான்.

நம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 40-ஆவது பிரிவு, ஊராட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகளாக வளர்க்கச் சொல்கிறது. 73-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள். குடிநீர் இருக்கிறது, சாலை இருக்கிறது, சுகாதாரம் இருக்கிறது, பெண்கள் குழந்தைகள் நலம் இருக்கிறது. மது உரிமம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மதுவால் கெடுகிற நாலும் இருக்கின்றன!

1996-ல் பழங்குடிப் பகுதிகளுக்கென்று வந்த ஊராட்சி விரிவாக்கச் சட்டத்தில், போதைப் பொருள் விற்பனையையும் நுகர்வையும் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தர வேண்டும் என்று நேரடியாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆக, கிராமத்துக்கு இந்த அதிகாரம் கொடுத்தால் நாடு கவிழ்ந்துவிடும் என்று நாடாளுமன்றம் நினைக்கவில்லை. நம் விதி எழுதுகிறவர்கள்தான் நினைக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் 2008 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்திருக்கிற பாட்டில். பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடை மூடப்படும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிகிற ஜனநாயகம்.

கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று இருந்தது. 2017-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்த அதிகாரத்தைப் பறித்தார்கள். கொடுத்த இடத்திலும் பிடுங்குவார்கள் என்பதற்கு இது பாடம். அதனால்தான் அதிகாரம் வெறும் அரசாணையாக இல்லாமல் சட்டத்தில் இருக்க வேண்டும், மக்களும் விழித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். குடிக்குப் பேர்போன நாடு, தெருவுக்குத் தெரு மதுக்கூடம். 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி அங்கே மது உரிமம் கொடுப்பதே உள்ளாட்சி மன்றம்தான். விண்ணப்பித்தவர் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டி 28 நாள் வைத்திருக்க வேண்டும். தெருவில் போகிறவர் படித்து ஆட்சேபம் எழுதலாம். மன்றம் நாலு விஷயத்தைத்தான் பார்க்கும்: குற்றம் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராமை, குழந்தைகளுக்குத் தீங்கு வராமை. உரிமத்தின் சுருக்கத்தைக் கடையில் எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். நிபந்தனை மீறினால் குடியிருப்பவர் எவரும் மறுஆய்வு கேட்கலாம். மன்றம் விசாரித்து நேரத்தைக் குறைக்கலாம், புது நிபந்தனை போடலாம், உரிமத்தையே ரத்து செய்யலாம். அங்கே ஓட்டல் தொழில் அழிந்துபோய்விட்டதா? இல்லையே.

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. நீலகிரியில் யானைக் காலில் பாட்டில் ஓடு குத்துகிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பாட்டில்கள் காட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்பி வந்தன. நிபந்தனை ஒன்று போட்டு, அதை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்கிறது. நமக்குப் பின்னால் இருப்பதும் காடுதான். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்கு வரும் கூட்டம் ஒருபுறம், அணை பார்க்க வரும் கூட்டம் மறுபுறம். வாய்க்கால் வரப்பில் வெறுங்காலோடு நாற்று நடுகிற பெண்களின் காலுக்கு யானைக் காலுக்குள்ள மரியாதையாவது வேண்டாமா?

இனி, நீங்கள் எழுதப்போகும் மறுப்புகளுக்கு முன்கூட்டியே பதில்.

"வருமானம் போனால் அரசு எப்படி நடக்கும்?" நான் கடையை மூடச் சொல்லவில்லையே. நிபந்தனையை மதித்து நடத்தினால் எந்த வருமானம் போகும்? இருபத்தொரு வயதுக்குக் குறைந்த பையனுக்கு ஊற்றிக் கொடுத்து வருகிற வருமானம். இரவு பத்துக்கு மேல் வருகிற வருமானம். அது போகட்டும் என்பதுதான் சட்டமே. மேலும் இது விருதுநகர் மாவட்டம். காமராஜர் ஆண்ட 1954 முதல் 1963 வரை இங்கே மதுவிலக்கு இருந்தது. மதிய உணவுத் திட்டமும் அப்போதுதான் விரிந்தது. அவருக்கு முன், நம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை மாகாணத்தை ஆண்டபோதும் மதுவிலக்குத்தான். மது வருமானம் இல்லாமல் அரசு நடக்கவே நடக்காது என்று இந்த மண்ணில் நின்று சொல்லாதீர்கள்.

"கெடுபிடி செய்தால் கள்ளச்சாராயம் வரும்." 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4,800 டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கள்ளச்சாராயம் வருவது ஊர் கண் மூடிக்கொண்டிருப்பதால். உள்ளூருக்குக் கேட்கிற அதிகாரம் இருந்தால் இரண்டையும்தான் கேட்கும்.

"உள்ளாட்சியிடம் கொடுத்தால் கவுன்சிலர் மாமூல் வாங்குவார்." இதுதான் கனமான மறுப்பு. வாங்குவார் என்று நானும் பயப்படுகிறேன். இன்னொரு பயமும் உண்டு. வேண்டாத சாதிக்காரர் ஓட்டல் வைத்தால் மட்டும் நிபந்தனை பேசுகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதனால்தான் ஒற்றை ஆளிடம் கையெழுத்து அதிகாரம் கொடுக்கச் சொல்லவில்லை. மன்றத்தில், சபையில், எல்லார் முன்னாலும், எழுத்தில், காரணம் சொல்லி நடக்கட்டும். பாதிக்கப்பட்ட கடைக்காரர் மேல்முறையீடு செய்யட்டும். பூட்டிய அறையில் நடக்கும்போது மாமூலின் விலை ஒருவருக்குக் கொடுத்தால் முடிந்தது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற சபையில் எத்தனை பேருக்குக் கொடுப்பார்கள்? மேலும், இப்போது அதிகாரம் மேலே இருக்கிறதே, மாமூல் இல்லையா?

ஆகவே என் ஐந்து கோரிக்கைகள். எண் போட்டே எழுதுகிறேன்.

1. மது பரிமாறும் எந்த இடமானாலும் உரிம எண், வகை, அனுமதித்த நேரம், வயது வரம்பு, புகார் செய்ய வேண்டிய அலுவலகம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். மாட்டாத இடம் உரிமம் இல்லாத இடம் என்றே கருதப்பட வேண்டும்.

2. புது உரிமத்துக்கும் ஆண்டுப் புதுப்பித்தலுக்கும் முன், உள்ளாட்சி அலுவலகத்திலும் அந்த இடத்தின் வாசலிலும் ஒரு மாதம் அறிவிப்பு. மக்கள் எழுதும் ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் தராமல் உரிமம் இல்லை.

3. கிராம சபையோ, பேரூராட்சி, நகராட்சி மன்றமோ, வார்டின் பகுதி சபையோ தீர்மானம் போட்டு மறுஆய்வு கேட்டால், மாவட்ட ஆட்சியர் 60 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அந்த விசாரணை எங்கள் ஊரில் நடக்க வேண்டும்.

4. உள்ளாட்சியின் சுகாதாரப் பணியாளர் டீக்கடையைச் சோதிப்பது போல, மதுவுடன் நடக்கும் உணவகத்தின் நேரம், கழிவு, பாட்டில், வாகன நிறுத்தம் ஆகியவற்றைச் சோதித்து அறிக்கை எழுதலாம் என்று விதியில் சேர்க்க வேண்டும். அந்த அறிக்கை மன்றத்தில் படிக்கப்பட வேண்டும்.

5. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில், தனி அலுவலரின் கையெழுத்தை மக்களின் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. 2017-ல் செய்தது போல எவரும் மறுபடி செய்யாதிருக்க இது வேண்டும்.

இதில் எது பேராசை? ஒன்றாவது கோரிக்கைக்கு ஒரு தகரப் பலகையும் ஒரு டப்பா பெயிண்டும் போதும்.

சட்டம் மாறும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சிக்காரர்கள் உங்கள் வார்டின் பகுதி சபை எப்போது என்று அலுவலகத்தில் கேளுங்கள். "தெரியாது" என்றால் எழுத்தில் கேளுங்கள். ஊரில் மதுவோடு நடக்கும் இடங்களின் நிபந்தனைகளைக் கேட்டு ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடுங்கள். என் ஒரு மனுவுக்குக் கோடு போட்டவர்கள் முப்பது மனுவுக்கு முப்பது கோடு போட யோசிப்பார்கள். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. விருதுநகருக்குப் பஸ் ஏறத் துணை வேண்டுமானால் நான் வருகிறேன்.

புதிதாக ஓட்டல் வைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இந்தக் கோரிக்கைகள் உங்களுக்கு எதிரானவை இல்லை. ஒழுங்காக நிபந்தனையை மதித்து நடத்துகிறவனுக்குப் பக்கத்திலேயே, திரை போட்ட அறையில் ஒருவன் கேள்வி கேட்பாரின்றி நடத்தினால் நஷ்டம் யாருக்கு? ஒழுங்காக நடத்துகிறவனுக்குத்தான். குழந்தையோடு வருகிற குடும்பம் ஒருமுறை முகம் சுளித்தால் அடுத்த முறை கூமாப்பட்டிக்கு வராது. ரீல்ஸில் கிடைத்த பெயர் ரீல்ஸிலேயே போய்விடும்.

இதைப் படிக்கும் கவுன்சிலர்கள், முன்னாள் தலைவர்கள், இனி தலைவராக நிற்கப் போகிறவர்கள் என் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு நான்தான் குடிமையியல் நடத்தினேன். ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வரும்போது, இந்த ஐந்தில் எதை மன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவீர்கள் என்று கேட்பேன். விடையைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.